பாலாய் பாங்கியின் கதையும் நமது சங்கமும்

சென்ற கும்பப்பூ அறுவடை முடிந்தபின், தோவாளைத் தாலூகாவிலுள்ள ஒரு சங்கத்தின் பொதுக்கூட்டத்திற்கு இலாகா அலுவலாகச் சென்றிருந்தேன். வரவு செலவு வாசித்து முடிந்ததும், பின்வரிசையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் எழுந்து, “மக்ளே, நெல்லு வித்த பணத்தை இங்கதான் போட்டிருக்கேன். பத்திரமா இருக்குமா?” என்று என்னைக் கேட்டார். அருகிலிருந்த சிலர் நகைத்தனர். ஆனால் அது நகைப்பதற்குரிய கேள்வி அன்று. பாங்கித் தொழிலின் சட்டங்கள், தணிக்கைகள், விதிகள் யாவும் அந்த ஒரு கேள்விக்கு விடை காணும்பொருட்டு ஏற்பட்டவையே. “இருக்கும்” என்று ஒரு சொல்லில் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. அதன் காரணத்தை ஒரு பாங்கியின் சரித்திரத்தைக் கொண்டு அங்கத்தினர்களுக்கு விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. ஒரே தொழிலை நம்பிய ஊர்

ஒரு நிலக்கரிச் சுரங்கத்தை மாத்திரம் நம்பி எழுந்த ஊரை எடுத்துக்கொள்வோம். சுரங்கத் தொழிலாளி கூலியில் மிச்சம் பிடித்து ஊர்ப் பாங்கியில் போடுகிறான். அந்தப் பணத்தைக் கடன் வாங்கும் கடைக்காரனும், வீடு கட்டுபவனும், வண்டி வைத்திருப்பவனும் சுரங்கக் கூலியையே எதிர்பார்த்திருப்பவர்கள். சுரங்கம் மூடினால் பணம் போட்டவனுக்கு அதை எடுக்க வேண்டிய அவசியமும், கடன் வாங்கியவனுக்குக் கொடுக்க முடியாத கஷ்டமும் ஒரே நாளில் வந்து சேர்கின்றன. ஒரே தொழில் ஊரில் சிறு பாங்கிக்கு உள்ள முதல் அபாயம் இதுவே.

நம் பக்கத்தில் நிலக்கரி இல்லை. ஆயினும் இந்நிலைமை நமக்குப் புதிதன்று. நாஞ்சில் நாட்டிற்கு நெல் எப்படியோ, வடக்கே மீனச்சில் தாலூகாவிலுள்ள பாலாய்க்கு (பாலா என்றும் வழங்குவர்) ரப்பரும் மிளகும் தென்னையும் அப்படியே. நமது தாலூகாக்கள் 1956-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 1-ஆம் தேதி சென்னை ராஜ்யத்தோடு சேரும் வரையில், நாஞ்சில் நாட்டாரும் பாலாய்க்காரரும் ஒரே ராஜ்யத்தின் குடிகள். பொன்மனை, குலசேகரம் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்கு மீனச்சில் நாட்டின் தோற்றத்தை விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

சீட்டுப் பிடித்துப் பணம் திரட்டும் வழக்கம் திருவிதாங்கூரில் நெடுங்காலமாக வேரூன்றியிருந்தது. தோட்டப் பயிர்களால் ஜனங்கள் கையில் ரொக்கம் புழங்கியது. ஆகையால் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிற்றூர்களில்கூடப் பாங்கிகள் பல தோன்றின. ஊரில் மதிப்புள்ள சிலர் கூடிப் பங்கு சேர்ப்பார்கள். ஒரு வீட்டின் முன்கட்டில் பலகை மாட்டுவார்கள். இயக்குநர்களை நம்பி ஜனங்கள் டிபாசிட் போடுவார்கள். பாலாய் சென்ட்ரல் பாங்கி 1927-ஆம் வருஷம் ஏற்பட்டது இத்தகைய காலத்திலேயே. அதற்கு இரண்டு வருஷங்களுக்குப் பின், 1929-இல் உலகமெங்கும் வியாபார மந்தம் உண்டாகி, ரப்பர், தேங்காய், மிளகு ஆகியவற்றின் விலைகள் சரிந்தன. நெல் விலையும் தப்பவில்லை.

2. 1938-இல் நேர்ந்தது

பாலாய் பாங்கியைக் குறித்து மேலே செல்லுமுன், திருவிதாங்கூரில் அதற்கு முன்னரே விழுந்த ஒரு பெரிய பாங்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருவல்லாவில் 1912-இல் ஏற்பட்ட திருவிதாங்கூர் நேஷனல் பாங்கியும், 1919-இல் ஏற்பட்ட கொல்லம் பாங்கியும் 1937-இல் ஒன்றாக இணைந்தன. முன்னதற்கு ஸ்ரீ கே. சி. மாம்மன் மாப்பிள்ளையும், பின்னதற்கு ஸ்ரீ சி. பி. மாத்தனும் தலைவர்களாக விளங்கினர். இரண்டும் சேர்ந்தபோது தென்னிந்தியாவின் பெரிய பாங்கிகளுள் ஒன்று உருவாயிற்று. ஓராண்டு கழிவதற்குள், டிபாசிட் போட்டவர்கள் கூட்டங்கூட்டமாக வந்து பணம் கேட்கத் தொடங்கினர். 1938-ஆம் வருஷம் ஜூன் மாதம் 21-ஆம் தேதி பாங்கி பணம் கொடுப்பதை நிறுத்தியது. பின்பு அதைக் கலைக்க உத்தரவாயிற்று. அவ்வருஷம் அக்டோபர் மாதத்தில் மேற்படி இரு தலைவர்களும் கைதாயினர்.

இதற்குக் காரணம் திவான் சர் சி. பி. ராமஸ்வாமி ஐயரின் அரசியல் விரோதமே என்று ஒரு சாராரும், பாங்கியின் நிர்வாகக் கோளாறே என்று மற்றொரு சாராரும் அன்று முதல் வாதித்து வருகின்றனர். அந்த வழக்கைத் தீர்த்துவைப்பது நம் வேலையன்று. நாம் அறிய வேண்டியது ஒன்றுண்டு: காரணம் எதுவாயினும், பணம் போட்டவன் அதை முன்கூட்டி அறிவதற்கு அக்காலத்தில் வழியே இல்லை. பாங்கிகளுக்கெனத் தனியான முழுச் சட்டம் அப்போது இந்தியாவில் கிடையாது. ரிசர்வ் பாங்கி 1935-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 1-ஆம் தேதிதான் வேலை தொடங்கியிருந்தது. 1938-இன் வீழ்ச்சிக்குப் பின் அது ஒரு சட்ட நகலைத் தயாரித்து 1939-இல் சர்க்காருக்கு அனுப்பிற்று. யுத்தம் குறுக்கிட்டபடியால் பாங்கிக் கம்பெனிகள் சட்டம் 1949-ஆம் வருஷந்தான் அமுலுக்கு வந்தது.

3. பாலாய் பாங்கியின் வளர்ச்சியும் முடிவும்

1938-இன் புயலில் பாலாய் பாங்கி தப்பியது. தப்பியது மாத்திரமல்ல, வளரவும் செய்தது. கேரளத்திற்கு வெளியேயும் கிளைகள் திறந்தது. 1956-இல் கேரள ராஜ்யம் ஏற்பட்டபோது அங்குள்ள பாங்கிகளுள் மிகப் பெரியவற்றில் ஒன்றாக எண்ணப்பட்டது. ஒரு சிற்றூர்ப் பாங்கி இவ்வளவு தூரம் வந்ததில் அவ்வூரார் பெருமை கொண்டது இயற்கையே.

ஆனால் வெளியே கிளைகள் பெருகிய காலத்தில் உள்ளே கணக்குகள் வேறு விதமாக இருந்தன. 1949-ஆம் வருஷச் சட்டத்தால் கிடைத்த அதிகாரத்தைக் கொண்டு ரிசர்வ் பாங்கி அதன் புத்தகங்களைப் பலமுறை பரிசோதித்தது. திரும்பி வராத கடன்கள் பெருகியிருந்தமை அப்பரிசோதனைகளில் வெளிப்பட்டது. சீர்திருத்திக்கொள்ள அவகாசம் கொடுத்துப் பல வருஷங்கள் பார்த்தும் நிலைமை தேறவில்லை. முடிவில், பாங்கி தொடர்ந்து நடப்பது டிபாசிட்தாரர்களின் நலனுக்கு விரோதமானது என்று கூறி, அதைக் கலைக்குமாறு ரிசர்வ் பாங்கி கேரள ஹைகோர்ட்டில் மனுச் செய்தது. 1960-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 8-ஆம் தேதி திங்கட்கிழமை பாலாய் சென்ட்ரல் பாங்கியின் கதவுகள் மூடப்பட்டன.

ரிசர்வ் பாங்கி அவசரப்பட்டுவிட்டது என்றும், மூடாமல் உதவியிருந்தால் பாங்கி பிழைத்திருக்கும் என்றும் கேரளத்தில் பலர் குறை கூறினர். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. இவ்வாறு மனுச் செய்ய ரிசர்வ் பாங்கிக்கு இடங்கொடுக்கும் சட்டப் பிரிவு செல்லும் என்று 1962-இல் அங்கே தீர்ப்பாயிற்று. தீர்ப்பு எதுவாயினும், பெண்ணின் கல்யாணத்திற்கென்று போட்டவனும், தோட்டம் விற்ற பணத்தைப் போட்டவனும் ஆகஸ்டு 8-ஆம் தேதி காலையில் பூட்டிய கதவின் முன்னேதான் நின்றார்கள்.

4. பாங்கி விழும் நாள் எது?

கதவு மூடிய நாளே பாங்கி விழுந்த நாள் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். அது தவறு. அதைச் சிறு கணக்கு ஒன்றினால் பார்ப்போம். இதிலுள்ள தொகைகள் எந்தப் பாங்கியின் கணக்குமல்ல. பாடத்திற்காக நான் அமைத்துக்கொண்டவை.

ஒரு பாங்கியின் பங்குப் பணமும் சேமநிதியும் சேர்த்து 10,000 ரூபாய். ஜனங்களின் டிபாசிட் 90,000 ரூபாய். ஆக மொத்தம் ஒரு லட்சம். இதில் 75,000 ரூபாய் கடனாக வெளியே நிற்கிறது. 20,000 ரூபாய் ரொக்கம். 5,000 ரூபாய் கட்டடமும் சாமான்களும்.

இப்போது கடனில் 15,000 ரூபாய் இனித் திரும்பாது என்று வைத்துக்கொள்வோம். உண்மையான சொத்து 85,000 ரூபாயாகிவிடுகிறது. கொடுக்க வேண்டிய டிபாசிட்டோ 90,000. பங்குதாரரின் 10,000 ரூபாயும் கரைந்து, டிபாசிட்தாரரின் பணத்திலும் 5,000 ரூபாய் மறைந்துவிட்டது. பாங்கி விழுந்த நாள் அதுவே. ஆனால் அன்று கதவு மூடப்படுவதில்லை. மாடத்தில் விளக்கு எரிகிறது. குமாஸ்தா சிரித்த முகத்துடன் பணம் வாங்குகிறார். காரணம், அந்த 15,000 ரூபாயும் “வரவேண்டிய கடன்” என்று புத்தகத்தில் இன்னும் முழுத் தொகையாகவே எழுதப்பட்டிருக்கிறது.

இதற்கு மேலும் ஒரு தீங்கு உண்டு. நூற்றுக்குப் பத்து வட்டி வீதம், வராத அந்தக் கடனுக்கும் வருஷம் 1,500 ரூபாய் “வரவேண்டிய வட்டி” என்று எழுதி அதை லாபத்தில் சேர்க்கிறார்கள். ரொக்கமாக ஒரு காசும் வரவில்லை. ஆயினும் லாபம் என்று ஒன்று காகிதத்தில் தோன்றியபடியால் பங்குதாரருக்கு ஆதாயம் பிரிக்கப்படுகிறது. அந்த ஆதாயம் யாருடைய பணம்? நேற்று டிபாசிட் போட்டவனுடைய பணமே. ஆண்டுதோறும் லாபம் பிரித்துக்கொண்டே ஒரு பாங்கி ஆண்டுதோறும் மெலிந்துபோவது இப்படித்தான்.

இனி ஒருநாள் சேதி கசிந்து ஜனங்கள் திரண்டு வருகிறார்கள். கையிலுள்ள 20,000 ரூபாயும் முதலில் வந்தவர்களுக்கு முழுமையாகக் கிடைத்துவிடுகிறது. மீதி 70,000 ரூபாய் டிபாசிட்டுக்கு எதிரே நல்ல கடன் 60,000, கட்டடம் 5,000, ஆக 65,000 ரூபாய்தான். நஷ்டமாகிய 5,000 ரூபாய் முழுவதும் பிந்தி வந்தவர்கள் தலையில் விழுகிறது. நல்ல கடனும் உடனே கைக்கு வராது. அறுவடைக்குப் பின் தருவதாக வாங்கியவனை நடவுக் காலத்தில் நெருக்கி என்ன பயன்? ஆகவே டிபாசிட்தாரர் ஓடிவருவது மூடத்தனமல்ல. பிந்தியவன் இழப்பான் என்பதை அவர்கள் அறிவார்கள். ஆனால் அவர்கள் ஓடிவருவதே நல்ல பாங்கியையும் சாய்த்துவிடும். ஓடவேண்டிய அவசியம் நேராதபடி கணக்கை உண்மையாக வைத்திருப்பது ஒன்றே இதற்குப் பரிகாரம்.

5. டிபாசிட் இன்ஷுரன்ஸ்

பாலாய் பாங்கியின் வீழ்ச்சியால் கேரளத்தின் மற்றப் பாங்கிகளிலும் ஜனங்கள் பணம் எடுக்க நெருக்கினர். இதனால் நன்மையான காரியம் ஒன்று விளைந்தது. அமெரிக்காவில் 1933-ஆம் வருஷச் சட்டத்தால் ஏற்பட்ட ஏற்பாட்டைப்போல, இந்தியாவிலும் 1961-இல் டிபாசிட் இன்ஷுரன்ஸ் சட்டம் நிறைவேறி, 1962-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 1-ஆம் தேதி முதல் அமுலுக்கு வந்தது. பாங்கி விழுந்தால் ஒவ்வொரு டிபாசிட்தாரருக்கும் 1,500 ரூபாய் வரையில் ஈடு கொடுக்கப்படும் என்பது அப்போதைய வரம்பு. அது படிப்படியாக உயர்ந்து, 1993-இல் ஒரு லட்சமாகி, 2020-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் முதல் ஐந்து லட்சமாக இருக்கிறது. பலமற்ற சிறு பாங்கிகள் பல, பெரிய பாங்கிகளோடு இணைக்கப்பட்டன. 1951-இல் இந்தியாவில் 566 வர்த்தகப் பாங்கிகள் இருந்தன; 1969-இல் 89 மாத்திரமே இருந்தன.

பிற்காலத்தில் இந்த இன்ஷுரன்ஸ் கூட்டுறவுப் பாங்கிகளுக்கும் விஸ்தரிக்கப்பட்டது. இதைக் கேட்டு நமது அங்கத்தினர்கள் ஆறுதல் அடையலாம். ஆனால் இங்கேதான் முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. இதை இருமுறை வாசிக்குமாறு வேண்டுகிறேன். ஜில்லா மத்தியக் கூட்டுறவுப் பாங்கியில் போட்ட டிபாசிட்டுக்கு மேற்படி இன்ஷுரன்ஸ் உண்டு. கிராமத்திலுள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போட்ட டிபாசிட்டுக்கு அந்த இன்ஷுரன்ஸ் கிடையாது. இரண்டும் கூட்டுறவே, இரண்டிலும் பாஸ் புத்தகம் உண்டு, எனினும் இந்த வித்தியாசம் இருக்கிறது. இதைச் சங்கத்தின்மேல் அவநம்பிக்கை உண்டாக்கும்பொருட்டு நான் எழுதவில்லை. காவல் எங்கே இல்லையோ அங்கே வீட்டுக்காரன் விழித்திருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். சங்கத்தில் வீட்டுக்காரர் அங்கத்தினரே.

இன்ஷுரன்ஸ் இருந்தாலும் தொல்லை முழுவதும் தீர்ந்துவிடாது. 2019-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் பம்பாயிலுள்ள பஞ்சாப்-மகாராஷ்டிரக் கூட்டுறவுப் பாங்கியில், ஆளுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் எடுக்கலாகாது என்று ரிசர்வ் பாங்கி முதலில் தடை விதித்தது. அதன் கடனில் பெரும்பகுதி ஒரே கட்டட வியாபாரக் கூட்டத்தாரிடம் சிக்கியிருந்தது. பலபேர் சேர்ந்து கட்டிய கூட்டுறவு ஒருவன் கையில் அகப்பட்டால் பெயர் மாத்திரமே கூட்டுறவாக மிஞ்சும்.

6. நமது சங்கத்தில் இந்நோய் வரும் வழி

என் அனுபவத்தில் கண்ட ஓர் உதாரணம். ஒரு சங்கத்தில் தவணை தப்பிய பாக்கி அநேகமாக இல்லையென்றே புத்தகம் காட்டியது. எனக்கு வியப்பாயிருந்தது, ஏனெனில் அவ்வருஷம் கன்னிப்பூவில் தண்ணீர் காணாது விளைச்சல் குறைந்திருந்தது. ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தேன். பழைய கடன் தீர்ந்த அதே தேதியில், அதே ஆள் பெயரில், அசலும் வட்டியும் சேர்ந்த தொகைக்குப் புதுக்கடன் வழங்கப்பட்டிருந்தது. ரொக்கம் பெட்டியை விட்டு வெளியே போகவுமில்லை, உள்ளே வரவுமில்லை. பேனா மாத்திரமே நகர்ந்திருந்தது. காரியதரிசி கெட்ட எண்ணம் உடையவரல்லர். “பாக்கி காட்டினால் மேலே கடன் வராது, குடியானவன் நடவுக்கு என்ன செய்வான்?” என்றார். இரக்கத்தால் செய்த காரியந்தான். ஆனால் மூன்று போகம் இப்படியே சென்றபோது வட்டிக்கு வட்டி ஏறி, குடியானவன் கட்ட இயலாத தொகையாக அது நின்றது. விளைச்சல் பொய்த்தால் அதை உள்ளபடி எழுதி, விதிப்படி தவணையை நீட்டித்துக் கேட்பதே இருவருக்கும் நல்லது.

பெரிய பாங்கியில் இத்தகைய பிழையைக் கண்டுபிடிக்கப் பரிசோதகர்கள் வரவேண்டும். கிராமத்தில் அது அவசியமில்லை. யார் வயல் விளைந்தது, யார் வயல் சாவியாயிற்று, யார் வீட்டில் கல்யாணம் நடந்தது என்பதை ஊரார் யாவரும் அறிவர். ஜெர்மனியில் ரைபைசன் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிராம நாணய சங்கங்களை ஏற்படுத்தியபோது, ஒருவரை ஒருவர் அறிந்திருப்பதையே அவற்றின் மூலதனமாகக் கொண்டார். அவ்வறிவைப் பொதுக்கூட்டத்தில் வாய் திறந்து பயன்படுத்தாவிட்டால் அது வம்புப் பேச்சாக மாத்திரமே முடியும்.

7. பொதுக்கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்விகள்

அங்கத்தினர் ஒவ்வொருவரும் கீழ்க்கண்ட கேள்விகளை எழுதி எடுத்துச் செல்லலாம்.

(1) தவணை தப்பிய பாக்கி இவ்வருஷம் எவ்வளவு? சென்ற வருஷம் எவ்வளவு? அதில் மூன்று வருஷத்திற்கு மேற்பட்டது எவ்வளவு?

(2) லாபத்தில் காட்டிய வட்டியில் ரொக்கமாக வசூலானது எவ்வளவு? எழுத்தளவில் நிற்பது எவ்வளவு?

(3) மொத்தக் கடனில் மிகப் பெரிய பத்துக் கடன்கள் சேர்ந்து எவ்வளவு? நிர்வாகக் குழுவினரும் அவர்கள் உறவினரும் வாங்கியது எவ்வளவு?

(4) பழைய கடன் தீர்ந்த அன்றே புதுக்கடன் வழங்கியது எத்தனை பேருக்கு?

(5) நாளைக் காலையில் டிபாசிட்தாரர் சிலர் சேர்ந்து வந்தால், உடனே கொடுக்கக்கூடிய தொகை எவ்வளவு?

(6) தணிக்கை எந்த வருஷம் வரையில் முடிந்திருக்கிறது? தணிக்கையாளர் எழுதிய குறைகளுள் எவை நிவர்த்தியாயின?

தனி ஆட்களின் பெயரைச் சொல்லி அவமானப்படுத்தும்பொருட்டு இவை கேட்கப்படவில்லை. தொகைகளைக் கேட்டாலே போதும். இவற்றிற்கு உடனே விடை கூறும் காரியதரிசி மெச்சத்தக்கவர். விடை கூற அவகாசம் கேட்பவருக்கு ஒரு வாரம் கொடுக்கலாம். கேட்டதற்காகவே கோபிப்பவர் இருந்தால், அங்கே இன்னும் கூர்ந்து கேட்க வேண்டியிருக்கிறது என்று பொருள்.

அங்கத்தினர் செய்யவேண்டியவையும் உண்டு. தம் பாக்கியைத் தவணையில் செலுத்த வேண்டும். முகதாட்சிணியத்திற்காக ஜாமீன் கையெழுத்துப் போடலாகாது. பணம் கட்டிய அன்றே ரசீது வாங்கிப் பாஸ் புத்தகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். யாரோ சொன்ன சொல்லைக் கேட்டு ஓடிவந்து டிபாசிட்டை எடுக்கவும் கூடாது. சந்தேகம் தோன்றினால் கணக்கைக் கேட்டுத் தெளிய வேண்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. சங்கத்தில் போட்டதை அளந்து பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தோவாளையில் அன்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அந்த மூதாட்டியிடம், “பாட்டி, தவணை தப்பிய பாக்கி எவ்வளவு என்று காரியதரிசியைக் கேளுங்கள், அதிலே உங்களுக்கு விடை இருக்கிறது” என்றேன். அவர் கேட்டார். காரியதரிசி சற்றுத் தயங்கி, புத்தகத்தைத் திருப்பித் தொகையை வாசித்தார். சென்ற வருஷத்தைவிட அது அதிகமாயிருந்தது. நகைத்தவர்கள் மௌனமாயினர். பிறகு ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. பாக்கிதாரர் மூவர் அந்தக் கூட்டத்திலேயே மாசி முடிவதற்குள் கட்டிவிடுவதாக ஒப்புக்கொண்டனர். ஏனையோரைக் காண ஐந்து பேர் அடங்கிய குழு அமைந்தது. மூதாட்டி டிபாசிட்டை எடுக்கவில்லை. அடுத்த கூட்டத்திலும் இதே கேள்வியைக் கேட்பேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பாலாயில் இத்தகைய கேள்விகள் உரிய காலத்தில் உரக்கக் கேட்கப்பட்டிருந்தால் அங்கே என்ன ஆகியிருக்கும் என்று நாம் சொல்ல இயலாது. நமது சங்கத்தில் கேட்பதற்குக் காலம் இன்னும் இருக்கிறது. அடுத்த பொதுக்கூட்டத் தேதியைச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.